பின்னிருக்கையில் ஒரு மணல் மூட்டை

அண்ணா,

மீசையை எடுத்துவிடு. நாம் துருவிலிருந்து மீட்ட பழைய போர் விமானம் இன்று பறந்துவிட்டது.

இன்றும் எழும்பாமல் இருந்திருந்தால் அருங்காட்சியகத்தார் கொண்டுபோய்க் கூரையில் தொங்கவிட்டிருப்பார்கள். லாரியோடு கொட்டகை வாசலில் காத்திருந்தார்கள். "இது பறந்துச்சுன்னா மீசைய எடுத்துடறேன்" என்று நீ கோபித்துக்கொண்டு வெளியேறிய அதே வாசல்.

என்ஜின் முதலில் இருமியது. ஒரே வெள்ளைப் புகை.

"ஏம்மா, இது பறக்குமா, இல்ல கொசு மருந்து அடிக்குமா?" என்றார் லாரிக்காரர்.

வெல்டர் சித்தப்பா விடுவாரா? "வாய மூடிட்டு மேல பாருய்யா!"

நான்தான் ஓட்டினேன். சக்கரம் தரையை விட்டதும் சத்தம் மாறியது. கீழே கொட்டகை தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

பின்னிருக்கை காலியாக இருந்தால் மூக்கு தாழும் அல்லவா? உன் எடைக்கு ஒரு மணல் மூட்டையைக் கட்டி அங்கே உட்காரவைத்தேன். சித்தப்பா அதற்கு மையால் மீசை வரைந்தார். "இவன் கோவிச்சுக்க மாட்டான், தைரியமா கூட்டிட்டுப் போ."

லாரி காலியாகத் திரும்பிப் போனது.

மூட்டையை இன்னும் இறக்கவில்லை. நீ வந்து இறக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார். போனால் போகிறது, மீசையோடே வா.

வானத்திலிருந்து இறங்க மனமில்லாத
உன் தங்கை