நூற்றுக்கு நூறு

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் சுகாதாரத் துறையைக் கட்டிக்கொண்டு அழாமல், வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை நம் தையல் கடையில் வைத்துத்தான் படித்தேன். இலவசக் கண்புரைத் திட்டத்தில் இனி ஒரு கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் போதும், இரண்டாவது கண்ணுக்கு ஆகும் செலவுக்குப் பலன் காணாது, அந்தப் பணத்தைக் குழந்தைகளின் தடுப்பூசிக்குத் திருப்பலாம் என்று அறிக்கை எழுதப் போகிறாயாமே! ஒரு கண் முடிந்தவர்களைப் போனில் விசாரித்ததில் முக்கால்வாசிப் பேர் தங்கள் நலத்துக்கு நூற்றுக்கு நூறு மார்க் போட்டார்களாம். அதில் ஒரு நூறு, இன்னொரு கண்ணில் இன்னும் புரையோடு இருக்கும் உன் அண்ணன் போட்டது.

அன்று நான் பக்கத்தில்தான் இருந்தேன். உங்கள் ஆபீஸ் பெண் "எப்படி இருக்கீங்க ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்கென்னம்மா, நல்லா இருக்கேன், நூத்துக்கு நூறு போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, அவள் சாப்பிட்டாளா என்று வேறு விசாரித்தார். போனை வைத்த கையோடு டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார்.

போன மாதம் வங்கி மேனேஜருக்கு ஒரு கால் குட்டையாக பேண்ட் தைத்துக் கொடுத்தார். நல்ல மனிதர், இன்னொரு காலை மடித்துவிட்டுக்கொண்டு சிரித்தபடியே போனார். நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதன் பிறகு அவர் கடைப் பக்கம் வரவில்லை. உன் அண்ணனும் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. துணி வெட்டுவது இப்போது நான்தான். அவர் பித்தான் தைக்கிறார், அதுவும் நான் ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தால். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. உன்னிடம் சொல்லலாம் என்றால், தங்கச்சி வேலையில் மூக்கை நுழைக்காதே என்கிறார்.

தடுப்பூசிதான் முக்கியம் என்று முடிவானால் அப்படியே எழுது, அண்ணன் என்று பார்க்காதே. ஆனால் இன்னொரு தடவை கேட்டுவிட்டு எழுது. எப்படி இருக்கீங்க என்று கேட்டால் நம் ஆட்கள் படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்கள். எதைக் கொட்டினீர்கள், எங்கே இடித்துக்கொண்டீர்கள், எந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று கேட்கச் சொல்.

இதோ, நானே மேலே என்ன எழுதியிருக்கிறேன் பார், எல்லோரும் நலமாம். கை தானாக எழுதிவிட்டது. அதையும் கணக்கில் சேர்த்துவிடாதே, கண்ணு. நீ நிஜமாகவே நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நூல் கோர்த்துக்கொண்டிருக்கும்
உன் அண்ணி