‘சாந்திக்கு வேண்டாம்’ என்று நீங்கள் போட்ட குறிச்சொல்

அன்பான ராத்தா,

சனிக்கிழமைகளில் இப்போது நூலகத்துக்குத் தனியாகத்தான் போகிறேன். பத்திரிகை மேசையில் தூங்குகிற மனிதர் இன்னும் அங்கேதான் தூங்குகிறார். சத்தம் போடும் மின்விசிறியை யாரும் திருத்தவில்லை. படியேறும்போது எனக்கு முன்னால் கராம்பு வாசம் போவதில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. சரியாகச் சொன்னால், உங்களோடு சண்டை போட ஒரு விஷயம் இருக்கிறது.

நூலகத்தின் புத்தகப் பட்டியலை ஃபோனில் பார்க்கலாம் என்று நீங்கள் எத்தனை முறை சொன்னீர்கள்! “வீட்ல இருந்தே என்னென்ன ஈக்கிதுன்டு பாக்கலாம் புள்ள. நட்சத்திரம் போடலாம், கருத்து எழுதலாம். நீயும் சேரு.” நான் சேரவில்லை. எதை வாசிக்கலாம் என்று கேட்க எனக்குப் பக்கத்து மேசையிலேயே நீங்கள் இருந்தீர்கள். ஆசிரியர் அறையில் அத்தனை வருடம் மேசையோடு மேசை ஒட்டி உட்கார்ந்தவளுக்கு ஃபோன் எதற்கு?

நமக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புத்தகமும் முதலில் உங்களுக்கு, பிறகுதான் எனக்கு. என் அட்டையில் எடுத்ததுகூட உங்கள் பைக்குள்தான் முதலில் போகும். “மூத்தவளுக்குத்தான் முதல் சோறு” என்று சிரிப்பீர்கள். சிலதை எனக்குத் தராமலே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான். “அத வாணாம் புள்ள. எழுதின ஆளுக்கே அலுத்துப் போயீக்கும்.” நான் நம்பினேன். உங்கள் சொல்லை நம்பி எத்தனையோ எழுத்தாளர்களை மட்டமாக நினைத்திருக்கிறேன்.

நீங்கள் மவுத்தாகிப் பல மாதங்கள் கழித்து, நோன்புப் பெருநாளுக்கு உங்கள் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. கொண்டுவந்த உங்கள் மகள், நீங்கள் படுக்கையிலிருந்த கடைசி நாட்களிலும் ஃபோனில் புத்தகங்களைப் பற்றி ஏதோ எழுதிக்கொண்டே இருந்ததாகச் சொன்னாள். அன்றைக்கே பட்டியலில் சேர்ந்தேன். முதலில் தேடியது, ஒருமுறை நீங்கள் பையிலிருந்து எடுத்து எனக்குத் தராமலே திருப்பிக் கொடுத்த நீல அட்டைப் புத்தகத்தை.

ஐந்து நட்சத்திரம். போட்டவர் பெயர் ‘கராம்பு’.

தொண்டை கரகரப்புக்கு என்று சாக்குச் சொல்லி நாள் முழுக்கக் கராம்பை வாயில் ஒதுக்கிக்கொண்டிருக்கும் ஆசிரியை இந்த ஊரில் வேறு யார்? கீழே உங்கள் கருத்து. “அந்தத் தாய் தொட்டிலைக் கழற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் குசினிக்குப் போய்ச் சும்மா நின்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஆனாலும் நின்றேன். எல்லோரும் வாசிக்க வேண்டிய புத்தகம்.”

எல்லோரும் வாசிக்க வேண்டுமா? நான் எல்லோரிலும் சேர்த்தி இல்லையா, ராத்தா?

பிறகு நீங்கள் வேண்டாம் என்று சொன்ன புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். எல்லாவற்றுக்கும் நான்கு, ஐந்து. எழுதின ஆளுக்கே அலுத்துப்போனதாகச் சொன்ன அதே புத்தகங்கள்! முகம் தெரியாதவர்கள் உங்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். நீங்கள் எனக்கும் தந்த வேறொரு புத்தகத்தின் கீழே ‘ரிவர்ஸ்டன் காற்று’ என்ற பெயரில் ஒருவர், “இதைப் போல இன்னொன்று சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தார். நீங்கள் மூன்று பத்தி பதில் எழுதியிருந்தீர்கள். என்னிடம் எந்தப் புத்தகத்தைப் பற்றியாவது அவ்வளவு நீளமாகப் பேசியிருக்கிறீர்களா? “படி, பொறகு பேசலாம்” என்பதோடு சரி. அந்தக் காற்றுக்கு மட்டும் எப்படி மூன்று பத்தி?

அன்று எனக்கு வந்த எரிச்சலை என்ன சொல்ல. செத்துப்போன ஒருத்தி மேல் இப்படிப் பொறாமைப்பட முடியும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் மேலா, அந்த வாசகர்கள் மேலா என்றுகூடப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வாசிக்காத அந்த நீல அட்டைப் புத்தகத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டேன். வேண்டுமென்றேதான்.

அதற்குப் பிறகுதான் கீழே பார்த்தேன். புத்தகத்துக்கு அடையாளமாக வாசகர்கள் குறிச்சொற்கள் சேர்க்கும் இடம் அது. ‘நாவல்’, ‘மலையகம்’ என்று மற்றவர்கள் போட்டிருந்தவற்றுக்குப் பக்கத்தில் நீங்கள் போட்டது இருந்தது: ‘சாந்திக்கு வேண்டாம்.’

அதை விரலால் தொட்டேன். அதே குறிச்சொல் உள்ள புத்தகங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. நீங்கள் எனக்குத் தராத அத்தனையும். ஒவ்வொன்றின் சுருக்கத்தையும் வாசித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை சாகிறது.

உங்கள் வழக்கம் எப்போது தொடங்கியது என்று நான் யோசித்ததே இல்லை. அன்று யோசித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு வந்து, விடுமுறை முடிந்து நான் மறுபடி பள்ளிக்கூடம் வந்த வாரம். என் மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்து, கேட்காமலே உங்கள் பைக்குள் போட்டுக்கொண்டீர்கள். உங்களுக்கு எவ்வளவு பேராசை என்று வீட்டில் அவரிடம் சொல்லிச் சிரித்தேன். பல வாரங்களுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

அழுதேனா என்றால், அழுதேன். ஆனால் அழுது முடிவதற்குள் இன்னொன்று கண்ணில் பட்டது. அந்த வரிசையில் சில புத்தகங்கள் நீங்கள் போன பிறகு நூலகத்துக்கு வந்தவை. அவற்றுக்கும் ‘சாந்திக்கு வேண்டாம்’ என்று யாரோ போட்டிருந்தார்கள். ‘ரிவர்ஸ்டன் காற்று’ போட்டிருந்தார். வேறு சிலரும் போட்டிருந்தார்கள். என் பெயர், ராத்தா! நீங்கள் எனக்கென்று கட்டிய வேலி. அதற்குள் யார் யாரோ வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நூலகத்தில் குமுதினி மிஸ்ஸிடம் நேராகப் போய்க் கேட்டேன். அவர்தான் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறார்.

“அந்த டேக்கா டீச்சர்? அது ஜெஸீமா ராத்தா தொடங்கினது. டேக் போடும்போது ‘எனக்கு மட்டும்’னு டிக் பண்ண ஒரு பெட்டி இருக்கு, அத அவங்க தொடல்ல. அதனால எல்லாருக்கும் தெரியுது. மறந்துட்டாங்களோ, வேணும்னே விட்டாங்களோ, தெரியாது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “தேவையில்லாத டேக் எல்லாம் இந்த மாசம் எடுக்கப் போறோம். தனி ஆள் பேர் இருக்கிறது சரியில்லதானே? ஆனா அந்தச் சாந்தி யாருன்னு எனக்குத் தெரியும் டீச்சர். நீங்க சொல்லுங்க. எடுக்கவா, விடவா?”

எடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்கு மட்டும் சொந்தமானதை எனக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேறு வழி தெரியவில்லை. பட்டியலிலிருந்து போனாலும் என்னிடம் இருக்கும். அவர்களிடம் இருக்காது.

புத்தகம் திருப்பிக் கொடுக்க என் பின்னால் நின்ற பெண் மெதுவாகக் கேட்டாள். “மன்னிச்சுக்கங்க, நீங்கதானுங்களா அந்தச் சாந்தி?”

என் வயதுதான் இருக்கும். ரத்தோட்டைப் பக்கம், ரிவர்ஸ்டன் மலையடியில், தேயிலைத் தோட்ட வைத்தியசாலையில் வேலையாம். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. பெயர் கேட்கும் முன்பே அவள்தான் ரிவர்ஸ்டன் காற்று என்று புரிந்துவிட்டது.

“கராம்பு அக்காவ நான் பாத்ததே இல்லைங்க. அவங்க எழுதுனத வாசிச்சுத்தான் மறுபடி புத்தகம் பக்கமே வந்தேன். மகன் போனதுக்கப்புறம் புத்தகத்தத் தொறக்கவே பயம். எந்தப் பக்கத்துல என்ன இருக்கும்னு யாருக்குத் தெரியும்? இந்த டேக்கப் பாத்தா வச்சிருவேன். இல்லாததத்தான் எடுப்பேன். அதுலயும் அப்பிடி ஏதாச்சும் வந்துட்டா நானே டேக்கப் போட்டுருவேன்.” கொஞ்சம் சிரித்தாள். “நானும் ஒரு சாந்திதாங்க.”

எனக்குக் கோபம் வந்தது. இல்லை, நான்தான் சாந்தி என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தேன். நடுவில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. அதற்கு மேல் வாசிக்காமல் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள்.

“இதுல டேக் இல்லீங்க” என்றாள். “பாதியிலதான் தெரிஞ்சுச்சு. புதுசா வந்தது. அக்கா இருந்தா முன்னாடியே வாசிச்சுப் பாத்துப் போட்டிருப்பாங்க.”

குமுதினி மிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “விடுங்க மிஸ்” என்றேன். மனம் வந்து சொன்னேன் என்று நினைக்காதீர்கள். உங்களைப் பங்கு போடுவது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. உங்கள் மூன்று பத்திகளை அவள் பாதி மனப்பாடமாகச் சொன்னபோது பஸ் நிலையம் வரை எரிந்துகொண்டேதான் அவளோடு நடந்தேன். பதிலுக்கு நீங்கள் சுகயீன லீவு போட்டுக் கதைப் புத்தகம் வாசித்த கதையைச் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு கேள்வி விடமாட்டேன் என்கிறது. அந்தப் புத்தகங்களை எல்லாம் எனக்கு முன்னால் நீங்கள் வாசித்தீர்கள். கடைசிப் பக்கம் வரை. அடுப்பில் ஒன்றும் இல்லாத குசினியில் போய் நின்றீர்கள். உங்களுக்கு முன்னால் யார் வாசித்துப் பார்த்தார்கள், ராத்தா?

நீல அட்டைப் புத்தகத்தை எடுத்து வந்திருக்கிறேன். தொட்டில் வரும் இடத்தை இன்னும் தொடவில்லை. அதைத் தாண்டி முடித்த பிறகு என் ஒற்றை நட்சத்திரத்தை மாற்றுவேன். நிஜமாகவே மட்டமாக இருந்தால் மாற்றமாட்டேன், உங்களுக்காகக்கூட.

அவள் பாதியில் விட்ட புத்தகமும் என் பைக்குள்தான் இருக்கிறது. அடுத்தது அதுதான். இனி நூலகத்துக்கு வரும் புதுப் புத்தகங்கள் முதலில் இந்தப் பைக்குள் போகும். போட வேண்டியதற்கு அந்தக் குறிச்சொல்லை நானே போடுவேன், என் பெயரை என் கையாலே. ‘எனக்கு மட்டும்’ என்ற பெட்டியைத் தொடமாட்டேன்.

எப்போதும் உங்களுக்கு அடுத்ததாக வாசிக்கும் தங்கச்சி,
சாந்தி
மாத்தளை