கிழிந்ததா, கிழித்ததா

அக்கா, எழுதுவது நான், சொல்வது அம்மா. அவளுடைய இரண்டு கைகளும் வேலையாக இருக்கின்றன. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன். நானும் கூடவே இருந்ததால் அவள் எதையும் விழுங்கவும் முடியாது. இனி 'நான்' என்றால் அம்மா. அடைப்புக்குறிக்குள் வந்தால் உன் தங்கை.

அன்பு மூத்தவளுக்கு அம்மாவின் ஆசி. இங்கே எல்லோருக்கும் உடம்பு நலம், எனக்கு மனசுதான் நலமில்லை, நீயாவது வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இரு. நீ பார்த்துப் பார்த்து வளர்த்த ஜப்பான் கார்ட்டூன், அதான் அனிமே, ரசிகர் மாநாடு போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. "எந்தக் கட்சி மாநாடு?" என்று அப்பா இந்த ஆண்டும் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். கதவு சொன்ன நேரத்துக்குத் திறந்தது, வரிசை நகர்ந்தது, வெயிலில் நின்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், உடை மாற்ற அறை இருந்தது, அதற்குத் தாழ்ப்பாளும் இருந்தது. "வர்றவங்க பெருசா ஒண்ணும் கேக்கலம்மா, மதிச்சு நடத்தணும், அவ்வளவுதான்" என்று நீ சொல்வாயே, எல்லாம் அப்படித்தான் நடந்தது, என் மேசையைத் தவிர. உடை பழுதுபார்க்கும் மேசைக்கு "எங்கம்மா இருக்காங்க, கண்ணை மூடிட்டு நம்பலாம்" என்று, இப்போது மாநாட்டை நடத்தும் உன் தோழியிடம் சொல்லிவிட்டு ஊரைவிட்டுப் போனாய். அதை நினைத்தால்தான் கூசுகிறது.

வேடப் போட்டிக்காக, தோற்றுத் திரும்பும் போர்வீராங்கனை வேடத்தில் ஒரு பெண் வந்தாள். "ஆன்ட்டி, மேலங்கியில கழுத்துக் கொக்கி மட்டும் அறுந்துடுச்சு, மேடைக்குக் கூப்பிடறதுக்குள்ள தச்சு வைங்க" என்று கொடுத்துவிட்டு முகப்பூச்சுக்குப் போனாள். கொக்கியைத் தைத்தேன். கை சும்மா இருந்ததா? ஓரமெல்லாம் நார்நாராகத் தொங்கியது. கேட்க நாதியில்லாத பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று கிழிசல் ஒன்றுவிடாமல் மூட்டி, ஓரத்தை மடித்து மெஷினில் ஓட்டி, இஸ்திரியும் போட்டுவிட்டேன். "கேட்டுட்டுச் செய்யேம்மா" என்றாள் உன் தங்கை. "கிழிஞ்சதைத் தைக்க எவளாவது கேப்பாளா, போடி புத்தகப்புழு" என்றேன். (சொன்னாள்.) 'கேட்காமல் படம் எடுக்காதீர், கேட்காமல் தொடாதீர்' என்ற பலகை என் தலைக்கு மேலேயே தொங்கியது. அது கேமராக்காரர்களுக்கு என்று நினைத்தேன், ஊசிக்காரிக்கும்தான் என்று உறைக்கவில்லை.

அவள் வந்து விரித்துப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "ஆன்ட்டி, இது கிழிஞ்சதில்ல, நான் கிழிச்சது" என்றாள், மெல்ல. உப்புத்தாளால் தேய்த்து, ஓரத்தை மெழுகுவத்தியில் பொசுக்கி, மாசக்கணக்கில் செய்ததாம். ஒவ்வொரு கிழிசலும் ஒவ்வொரு சண்டையாம். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன், பாதி பிரிப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் கந்தல், மறுபக்கம் பள்ளிச் சீருடை மாதிரி மடிப்பு. "இதென்ன பாதிப் போர்?" என்று நடுவர் கேட்க, "பாதியில எங்கம்மா பார்த்துட்டாங்க" என்றாள் அவள். அரங்கமே சிரித்தது. பரிசு வேறு யாருக்கோ போனது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் எங்கம்மா என்றாளே, அதுதான் பொறுக்கவில்லை. ஊசி தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்துகொண்டேன்.

"அடுத்த வருஷமும் வாங்க ஆன்ட்டி" என்றாள் உன் தோழி, மரியாதைக்கு. அவளிடம் எனக்காக நீ பரிந்து பேசாதே. அந்தப் பெண்ணிடம் மேலங்கியைக் கேட்டு, ஆமாம், கேட்டுத்தான், வாங்கி வந்து இப்போது மீதியைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். தையலைப் பிரிக்கலாம், ஊசித் துளையை எப்படிப் பிரிப்பது? இப்போதெல்லாம் நம் தையல் கடைக்கு யார் வந்தாலும் "கிழிஞ்சதா, கிழிச்சதா?" என்று கேட்கிறேன், பக்கத்துக் கடை சலவைக்காரர் சிரிக்கிறார். (தன்வினை, பிறவினை பாடம் என்றேன். "தன்வினை தன்னைச் சுடும், அதை எழுது" என்றாள்.) நீயும் யாருக்கு நல்லது செய்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய், கண்ணு. குளிரில் காதை மூடிக்கொள். நோய்நொடி இல்லாமல் இரு.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட மட்டும் ஊசியைக் கீழே வைத்த
உன் அம்மா

(அக்கா, கடைசித் தையலையும் பிரித்துவிட்டாள். "துளை தெரியுதாடி?" என்று மேலங்கியை என்னிடம் நீட்டினாள். உண்மையாக எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறேனே. தெரிகிறது என்றேன். அவள் விளக்கை அணைத்துவிட்டாள்.)