குழாயடிச் சுவர்

அரியமங்கலம், திருச்சி
10.8.2025

அன்புள்ள மாரியாயிக்கு,

அம்மாசி எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். நலமில்லை என்று தெரியும்.

இது என் கையெழுத்து. யாரையும் வைத்து எழுதவில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஆகட்டும், எனக்கு அவசரமில்லை.

முப்பது வருடம் லாரிக்கு எழுத்துப் போட்டவனுக்கு இதில் என்ன பெருமை என்று கேட்பாய். மாரியாயி, எனக்குப் படிக்கத் தெரியாது. தாளில் இருப்பதைப் பார்த்து வரைவேன், யானையைப் பார்த்து யானை வரைவது போல. பெண் கேட்டு வந்தபோது எட்டாவது படித்தவன் என்று உன் அப்பாவிடம் சொன்னது பொய். நீ எதையாவது படிக்கச் சொன்னால் கண்ணில் பெயின்ட் தின்னர் பட்டுவிட்டது என்பேனே, அதுவும் பொய். பெயின்டருக்குப் படிக்கத் தெரியாது என்று யார் சந்தேகப்படுவார்கள்?

இப்போது முதியோர் வகுப்பில் ஜோதி டீச்சரிடம் ஒரு வருடமாகப் படிக்கிறேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் இறங்க மனம் வரவில்லை. காவிரிப் பாலம் வரை ஒரு பலகையையும் படிக்காமல் விடுவதில்லை. பரோட்டாக் கடையில் விலைப்பட்டியலைச் சத்தமாகப் படித்தேன். "பெரியவரே, வேணுங்கறத மட்டும் சொல்லுங்க" என்றான் கடைக்காரன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர் ராக்கம்மாள் மாத்திரை வாங்க இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நீ பாதி வழியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாயாம். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. பங்குனியில் இதயக் குழாயில் அடைப்பு வந்து, ஸ்டென்ட் என்று ஒரு வலை வைத்தார்கள். "கிருமிதான் அடங்கிடுச்சே டாக்டர், இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். "கிருமி அடங்கிடுச்சு. ஆனா உங்க எதிர்ப்பு சக்தி இன்னும் சண்டைய நிறுத்தல. உள்ளுக்குள்ள புகைஞ்சுகிட்டே இருக்கு. அடி வாங்குறது ரத்தக் குழாய்" என்றார். அதற்கு அழற்சி என்று பெயராம். டீச்சரிடம் கேட்டு இருபது முறை எழுதிப் பார்த்தேன். எனக்குள் இருப்பதை எனக்கே எழுதத் தெரியாமல் இருக்கலாமா?

எனக்கு இருப்பது எச்.ஐ.வி. இனி அதை முணுமுணுக்க மாட்டேன். பீடியை விட்டுவிட்டேன். கொழுப்புக்கு ஒரு மாத்திரை, பிறகு நடை. நீயும் திருச்சிக்கு வந்து இதயத்தைக் காட்டு. ஆஸ்பத்திரியில் எல்லாச் சீட்டையும் நான் படித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தன் கையால் எழுதும்
அம்மாசி

மருங்காபுரி
24.8.2025

அவருக்கு,

மாரியாயி எழுதிக்கொள்வது. அந்த மூன்றெழுத்தைக் கடிதத்தில் எழுதாதீர்கள். தபால்காரர் உறையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்.

என் ரத்தத்திலும் கிருமி இல்லை என்றுதான் சொன்னார்கள். இல்லாத ஒன்று எப்படி மார்பை அடைக்கும்? அறுபத்தொரு வயதாகிறது, வலிக்கத்தான் செய்யும். திருச்சிக்கு என்றால் தம்பி மருதை எதற்கு என்பான். என்ன சொல்வேன்? அவனுக்கு எதுவும் தெரியாது. பத்தொன்பது வருடமாக மாத்திரை மஞ்சள்தூள் டப்பாவில் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

ஆனால் ஒன்று. உங்களுக்குப் படிக்கத் தெரியாதா? நிஜமாகவா? மூன்று நாள் கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். அப்படியென்றால், ஸ்ரீரங்கத்தில் நாம் குடியிருந்த வீரமலை காம்பவுண்டில், குழாயடிச் சுவரில் சிவப்பு பெயின்டில் எழுதினீர்களே? நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்று. அது என்னவென்று தெரியாமலா எழுதினீர்கள்?

சுவர் இன்னும் நின்றால் போய்ப் படியுங்கள். அதுவரை என்னை வா என்று கூப்பிடாதீர்கள்.

மாரியாயி

அரியமங்கலம்
4.9.2025

அன்புள்ள மாரியாயிக்கு,

படித்தேன்.

சுவர் நிற்கிறது. மேலே சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். அடியில் என் சிவப்பு தெரிகிறது. நான் அடித்த எனாமல் அப்படி. எழுத்துக் கூட்டினேன். 'எய்ட்ஸ் வந்த பெண் இந்தக் குழாயைத் தொடக் கூடாது.' கடைசியில் ஒரு பூ. அது தாளில் இல்லை. நானாகப் போட்ட பூ.

"தண்ணிய வீணாக்காதீங்கன்னு போடுப்பா" என்றுதான் வீட்டுக்காரர் வீரமலை தாளைக் கொடுத்தார். குடித்தனக்காரர்கள் மாடியில் நின்று சிரித்தார்கள். என் எழுத்தழகைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். நீ ஏன் போனாய் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. எனக்குத்தான் முதலில் வந்தது. உன் ரத்தத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஊர் உன்னைக் குறை சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கப் படிப்பு எதற்கு?

மறுநாள் லாரிப் பட்டறை முதலாளி ஜெகபர் சாதிக் பாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன், என் நோயையும் சேர்த்து. பிறகு உள்ளே போய் ஒரு டப்பா எடுத்து வந்தார். "நல்ல சிவப்பு அம்மாசி. பத்தொம்பது வருஷம் தாங்கும்" என்றார்.

பட்டப்பகலில் போய்ச் சுவரைச் சுரண்டினேன். வீரமலை காலமாகிவிட்டார். மகள் அனுசுயா ஓடி வந்தாள்.

"யாரைக் கேட்டு எங்க செவுத்துல கை வைக்கிறீங்க?"

"உங்க அப்பா எழுதச் சொன்னதும்மா இது. நான்தான் எழுதினேன். இப்பதான் படிச்சேன்."

அவள் குனிந்து படித்தாள். "சின்ன வயசுல இந்தப் பூவ மட்டும் பாத்த ஞாபகம் இருக்கு" என்றாள். பிறகு, "என்ன வேணா எழுதுங்க. பேரு மட்டும் போட வேணாம், குடித்தனம் வராது" என்றாள்.

"இனிமே பேரு போடாத வேலை என்னுது இல்லம்மா. சங்கடமா இருந்தா நான் போனப்புறம் அழிச்சுக்குங்க" என்றேன். வாசலிலேயே நின்றாள், தடுக்கவில்லை. எழுதினேன்:

'இந்தக் குழாயை யாரும் தொடலாம். எழுதியவன் அம்மாசி, எச்.ஐ.வி. உள்ளவன்.'

வரையவில்லை மாரியாயி, எழுதினேன். பூ மட்டும் போடவில்லை. கை வரவில்லை.

இல்லாதது எப்படி அடைக்கும் என்று கேட்டாய். டாக்டரிடமே கேட்டேன். "இல்லன்னு யாரு சொன்னா? ரத்தத்துல பிடிபடலன்னுதான் அர்த்தம்" என்றார். லாரிக்குப் புது பெயின்ட் அடித்தால் பளபளக்கும். தகட்டுக்கு அடியில் துரு தன் வேலையைச் செய்யும். தட்டிப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். நீ என்னிடம் வர வேண்டாம். என் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். மார்பைக் காட்ட வா.

அம்மாசி

மருங்காபுரி
11.9.2025

அம்மாசிக்கு,

ஸ்ரீரங்கமே உங்கள் பேரைப் படிக்கும்போது நான் எழுதினால் என்ன?

கடிதத்தை மருதையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான். சாயங்காலம் வந்து, "எந்த பஸ்ஸுக்குக்கா போகணும்?" என்று கேட்டான். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை வருடம்? மாத்திரையை டப்பாவிலிருந்து எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

வரும் செவ்வாய்க்கிழமை வருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதவில்லை. எழுதியதை மட்டும் படியுங்கள்.

டாக்டரைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஸ்ரீரங்கம் போக வேண்டும். குடம் நான் கொண்டுவருகிறேன். பெயின்ட் மிச்சமிருந்தால் எடுத்து வாருங்கள். நான் தண்ணீர் பிடித்து முடிப்பதற்குள் அந்தப் பூவைப் போட்டுவிடுங்கள்.

மாரியாயி