பதிவேட்டில் வளர்ந்த பையன்

மார்ச் 3

ராணுவ மருத்துவமனையின் இதய மருத்துவர் இன்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மனைவிக்கு வால்வு மாற்றியாக வேண்டும். ஏப்ரல் 28 என்று தேதியும் குறித்துக் கொடுத்தார். அதற்குமேல் தள்ளக் கூடாதாம். படிவத்தை நிரப்பிக்கொண்டே, "குழந்தைங்க எத்தனை பேர்மா?" என்று கேட்டார். "இல்ல" என்றாள், மின்விசிறியைப் பார்த்தபடி. இந்தக் கேள்விக்கு அவள் எப்போதும் மின்விசிறியைத்தான் பார்ப்பாள். விசிறி இல்லாத இடங்களில் என் சட்டைப் பொத்தானை.

குடும்ப மருத்துவ அட்டை பழையது, செல்லாது, புது அட்டை வாங்கி வாருங்கள், இரண்டு நாள் வேலைதான் என்றார்கள். ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்தவன் நான். எங்கள் அகராதியில் 'இரண்டு நாள்' என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

மார்ச் 9

ஆவணப் பிரிவு. கவுன்ட்டர் பெண் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சார், குடும்பத்துல மூணு பேர் காட்டுது. உங்க பையனோட வேலைச் சான்றிதழ் வேணும்" என்றாள்.

"எனக்குப் பையன் இல்லம்மா."

"இருக்காரே சார். நாப்பத்து மூணு வயசு."

திரையைத் திருப்பிக் காட்டினாள். இருந்தான். பெயர், பிறந்த தேதி, உறவு: மகன். நிலை: பணியாளரைச் சார்ந்தவர்.

ஆக, அரசாங்கத்தின் பார்வையில் என் மகன் நாற்பத்து மூன்று வயதிலும் வேலைவெட்டி இல்லாமல் அப்பாவின் தயவில் இருக்கிறான். நோய்நொடி எதுவும் பதிவாகவில்லை.

பேருந்தில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினேன்.

மார்ச் 10

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

அவன் பிறந்த அன்று மதியமே பதிவேட்டில் ஏற்றினேன். என் கையால், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு. ஐந்து மாதம் கழித்துக் காய்ச்சல். மூன்றே நாள். விடுப்பு முடிந்து திரும்பியபோது மேஜையில் மற்றவர்களின் இறப்புப் படிவங்கள் ஒன்பது காத்திருந்தன. ஒன்பதையும் அன்றே முடித்தேன். பத்தாவதை இழுப்பறையில் வைத்தேன். நாளைக்கு. நாளைக்கு. பிறகு இடமாற்றல் வந்தது. இழுப்பறை அங்கேயே இருந்துவிட்டது.

ஊரார் பிள்ளைகளின் சாவையெல்லாம் முப்பது நாள் கெடுவுக்குள் எழுதியவன், தன் பிள்ளையுடையதை எழுதவில்லை. பதிவேட்டிலிருந்து பதிவேட்டுக்கு, அங்கிருந்து கணினிக்கு, எந்த எழுத்தரும் யோசிக்காமல் அவனைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். யோசிக்காமல் நகலெடுக்க அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அவன் பெயரைச் சொல்லி ஒரு பென்சில்கூட வாங்கியதில்லை. மகனுக்கான சலுகை வயது இருபத்தைந்து தாண்டியதும் தானாக உதிர்ந்துவிடுவான் என்று நினைத்திருந்தேன். பதிவேட்டில் எதுவும் தானாக உதிராது.

புதியவர்களுக்கு நான் சொல்லித்தந்த முதல் விதி வேறு: சுரண்டாதே, மை பூசாதே. தப்பை ஒற்றைக் கோட்டால் அடி. அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சுருக்கொப்பம்.

மார்ச் 12

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்று நாளாக வீட்டில் மிகவும் பணிவாக நடந்துகொள்கிறேன். சந்தேகப்படுகிறாள்.

மார்ச் 14

சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"ரெண்டரை டிக்கெட் வந்துச்சே. ஞாபகம் இல்லியா?"

ஞாபகம் இல்லாமலா? அவன் இருந்திருந்தால் ஆறு வயது. அந்த முறை இடமாற்றலுக்கு ராணுவம் தந்த இலவச ரயில் வாரண்டில் முழு டிக்கெட் இரண்டு, அரை டிக்கெட் ஒன்று. இவள் ஜன்னலோர இருக்கையில் தன் பையை வைத்துவிட்டு, இரண்டு பகல் முழுக்க அங்கே யாரையும் உட்கார விடவில்லை. ஒரு பெரியவர் கேட்டதற்கு, "ஆள் வருது" என்றாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்திக்கொண்டேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகு அவள்தான் சொன்னாள்.

"இறப்புச் சீட்டு வேணும். ஆஸ்பத்திரியில கொடுத்தது. உங்கிட்டதானே இருந்துச்சு?"

"தொலைஞ்சுபோச்சு."

நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் இந்த வீட்டில் எதுவும் தொலைந்ததில்லை.

மார்ச் 20

மாடிப்படி ஏறும்போது மூன்று முறை நின்றாள். மூன்று முறையும் சுவரில் ஏதோ அழுக்கு இருப்பதுபோலப் பார்த்தாள்.

மார்ச் 23

எதிர்வீட்டு மேஜர் வந்திருந்தார். ராணுவத்தில் சமையல்காரராக இருந்தவர், தெருவில் எல்லோருக்கும் மேஜர். விஷயம் கேட்டு உச்சுக் கொட்டினார். "என்ன ரைட்டரே, ரெஜிமென்ட்ல எல்லார் சாவையும் நீர்தானே எழுதினீரு? இதை எழுத முடியலியா?"

குத்திக்காட்டவில்லை, பாவம். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 2

மறுபடி கவுன்ட்டர். இந்த முறை அவளும் வந்தாள், நான் வேண்டாம் என்று சொல்லியும். கவுன்ட்டர் பெண் அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்து நாற்காலி கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், சீட்டு இல்லேன்னா ஒரு வழி இருக்கு. பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, வேலை கிடைச்சுத் தனியாப் போயிட்டாருன்னு ஒரு உறுதிமொழி எழுதிக் குடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க. பேரை எடுத்துட்டு நாளைக்கே அட்டை தரேன்" என்றாள்.

நல்ல மனசு. எங்கள் துறையில் நல்ல மனசுக்காரர்கள்தான் பொய்யான ஆவணங்களை உண்டாக்குகிறார்கள். நானே உதாரணம்.

மனைவியோடு வீடு திரும்பினேன். படியேறிக் கதவைத் திறந்ததும் கேட்டாள்: "என்ன வேலைன்னு எழுதுவீங்க?"

ஏப்ரல் 3

காலையில்: "எஞ்சினியர்னு போடலாமா?"

மதியம்: "வேணாம், வெயில்ல அலையிற வேலை. வாத்தியார்."

மாலையில் மருமகள் எப்படிப்பட்டவள் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள். கொஞ்சம் படபடவென்று பேசுவாளாம், ஆனால் மனசில் ஒன்றும் இல்லையாம்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் வேறு வேறு அறைக்குப் போய்விட்டோம்.

ஏப்ரல் 4

பொய் எழுத மாட்டேன் என்றேன். எழுத்தருடைய நேர்மை, அது இது என்று ஏதோ உளறினேன்.

"நாப்பத்து மூணு வருஷமா இல்லாத நேர்மையா?" என்றாள்.

அவளுக்கு மூச்சு விட வேண்டும் — எனக்கு நேர்மை வேண்டுமாம். சீ. தாளை எடுத்தேன். 'என் மகன் திருமணமாகித் தனியே வசித்து வருகிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓர் அடித்தல்கூட இல்லை. பழக்கம்.

ஏப்ரல் 5

கிளம்பும் நேரத்தில் அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவை வந்து பார்த்தானா?"

"யாரு?"

"அம்மாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். போன்கூடப் பண்ணல. ஆஸ்பத்திரிக்கு வரல. கல்யாணம் ஆனதும் எங்களை விட்டுட்டான்னுதானே இதைப் படிக்கிறவன் நினைப்பான்?" அவள் குரல் ஏறியது. "அவன் அப்படிப்பட்ட பிள்ளை இல்லைங்க. என் விரலைப் பிடிச்சா விடவே மாட்டான்."

தாளை நான்காகக் கிழித்தாள். உள்ளே போய் என் பதக்கப் பெட்டியை எடுத்துவந்தாள். இருபத்திரண்டு வருடம் பிழையின்றிப் பணியாற்றியதற்காக எனக்குத் தந்தது. வெல்வெட்டைத் தூக்கினாள். அடியில், எட்டாக மடித்த சீட்டு.

அந்தப் பெட்டியை நான் எத்தனையோ முறை துடைத்து வைத்திருக்கிறேன். திறந்ததில்லை.

ஏப்ரல் 6

சீட்டைக் கொடுத்தேன். கவுன்ட்டர் பெண் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தாள்.

ஏப்ரல் 17

கணினியில் திருத்துவதற்கு முன் மூலப் பதிவேட்டில் திருத்த வேண்டுமாம். கிடங்கிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இருபத்தேழு வயதில் நான் எழுதிய வரி. பெயரின் கடைசி எழுத்தில் ஒரு சுழி அதிகப்படியாகப் போட்டிருக்கிறேன். ரொம்பச் சந்தோஷமாக இருந்திருப்பேன் போல.

கவுன்ட்டர் பெண் தடித்த கறுப்புப் பேனாவை எடுத்தாள்.

"அது வேண்டாம்மா. மெல்லிசுப் பேனா. ஒத்தைக் கோடு, ஸ்கேல் வெச்சு."

"நீங்களே போடுறீங்களா சார்?"

விதிப்படி கூடாது. போட்டேன். அவள் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தாள். மனைவி குனிந்து பார்த்தாள், வரியை விரலால் தொட்டு.

"படிக்க முடியுது" என்றாள்.

ஏப்ரல் 20

அட்டை வந்தது. இரண்டு பேர்.

ஏப்ரல் 27

வார்டில் சேர்த்தாயிற்று. நாளை காலை ஏழு மணிக்கு. ஜன்னலோரக் கட்டில். பையை நாற்காலியில் வைக்கப் போனாள். பிறகு கீழே வைத்துவிட்டு, "நீங்க உட்காருங்க" என்றாள்.

நர்ஸ் படிவத்தோடு வந்தாள். வயது, ஒவ்வாமை, முன்பு செய்த அறுவை சிகிச்சை. "குழந்தைங்க?"

தலைக்கு நேர் மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் நர்ஸின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு பையன். அஞ்சு மாசம் இருந்தான்."

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு, "பேர் என்னம்மா?" என்று கேட்டாள். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை. எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னாள்.

நாற்பத்து மூன்று வருடங்களாக அந்தப் பெயரை எழுத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். எவ்வளவு சின்னப் பெயர்.