அலுமினியத் தகட்டின் மேல் அப்பா ஏறிய நாள்

மச்சான்,

இன்று காலை என் மருமகள் சவுக்காரக் கட்டியைச் சூடான அடுப்பின் மேல் மறந்து வைத்துவிட்டாள். அது கருகிய நாற்றத்தில் திண்டிவனமே மூக்கைப் பொத்தியது. நான் மட்டும் முகர்ந்து முகர்ந்து சிரித்தேன். உன் வாசனை அல்லவா அது.

யுத்தத்தின்போது விழுப்புரத்துக்கு வெளியே, அடிபட்ட விமானங்களைச் செப்பனிடும் கொட்டகையில் நாம் சேர்ந்து வேலை பார்த்தோம். அலுமினியத் தகட்டில் சவுக்காரம் தேய்த்து நெருப்புக் காட்டுவாய். சவுக்காரம் கறுத்தால் தகடு இளகிவிட்டது என்று கணக்கு. மரச்சுத்தியால் தட்டி, நீளத்துக்கு வரிவரியாகப் புடைப்பு எடுப்பாய். "வரி போட்டா பாலம், போடலைன்னா அப்பளம்" என்பாய். பிறகு மறுபடி காய்ச்சித் தண்ணீரில் முக்கி, இறுகட்டும் என்று சில நாள் சும்மா விடுவாய். அந்த நாட்களில் நீ தகட்டைப் பற்றிப் பேசியதைவிட என் தங்கையைப் பற்றிப் பேசியதே அதிகம்.

அப்பாவோ பிரம்மதேசத்து மல்லாட்டைச் சக்கரவர்த்தி, வேர்க்கடலை வியாபாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. நடந்தால் ஏரி தளும்பும் உடம்பு. "தகரம் தட்டிக்கினு இருக்கிறவனுக்கு எம் பொண்ணா?" என்று ஒரே போடாகப் போட்டார். ஆடி பிறக்குமுன் பையனைப் பார்த்தாவது வரச்சொல்லி அம்மா விரட்ட, சந்தைக்குப் போகிற வண்டியோடு கொட்டகைக்கு வந்து நின்றார். அன்றுதான் உன் தகட்டுக்குச் சோதனை.

தகட்டின் இரு முனைகளையும் கட்டைகள் மேல் வைத்து, நடுவில் மணல் மூட்டை அடுக்குவது வழக்கம். பாரத்தை எடுத்ததும் தகடு பழையபடி நிமிர வேண்டும். முதல் நாள் மழையில் மணல் நனைந்து எடை தாறுமாறாகிவிட்டது. சோதனை பார்க்க வந்த அதிகாரியின் கண் அப்பாவின் வண்டி மேல் விழுந்தது. எடை போட்டுக் கட்டிய மல்லாட்டை மூட்டைகள் தகட்டில் ஏறின. எல்லாம் ஏறியும் இன்னும் ஓர் ஆள் கனம் குறைந்தது.

"நான் ஏறிக்கிறேன்" என்றார் அப்பா. உடைத்துவிட்டுத்தான் இறங்குவது என்ற உற்சாகம். அவர்கள் கேட்டது ஓர் ஆள். ஏறியது மூன்று ஆள்.

பெருமுக்கல் மலை பயந்துபோய் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தது. நீ பார்த்திருக்கமாட்டாய், கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். தகடு வளைந்தது, முனகியது. மூட்டைகளையும் அப்பாவையும் இறக்கியதும், ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்து படுத்தது.

அப்பா அதைத் தடவிப் பார்த்தார். குனிந்து அடியிலும் பார்த்தார். பிறகு உன் பக்கமே திரும்பாமல் என்னைக் கேட்டார்: "ஏண்டா, பையன் மல்லாட்டை துன்னுவானா?"

கல்யாணத்துக்குப் பிறகு, அவர் கேட்டதற்கு மேலேயே நீ தின்றாய்.

நீ போன பிறகு உன் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான்தான் சொல்லிவருகிறேன். ஒவ்வொரு முறையும் அப்பாவின் எடையைக் கொஞ்சம் ஏற்றிவிடுகிறேன், தங்கை முறைக்கிறாள். என்ன செய்வது மச்சான், எவ்வளவு ஏற்றினாலும் உன் தகடு தாங்குகிறதே.