தலையைத் தொட அனுமதி

அப்பாவுக்கு அசனதா பணிவுடன் எழுதுவது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு பசி எடுக்கிறதா? வலது கை கொஞ்சமாவது அசைகிறதா?

நான் இங்கே கடல் தாண்டி டப்போவில் நலம். இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு வந்திருக்கும் டெஸ் என்ற பெரியவரைத் தினமும் காலையில் போய்க் கவனித்துக்கொள்கிறேன். முதல் நாள் அவரைத் தலைக்குக் குளிப்பாட்டி முடித்ததும், தொடக்கூடாத பெரியவர் தலையைத் தொட்டுவிட்டோமே என்று நம் வழக்கப்படி கீழே உட்கார்ந்து, மெல்லக் கைதட்டி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு ஒரே சிரிப்பு. "பிஜியில குளிச்சாக்கூடக் கைதட்டுவீங்களா? ஆஸ்பத்திரியில ஒருத்தரும் தட்டலையேம்மா!" இப்போது நான் மறந்தாலும் அவரே தட்டிவிடுகிறார்.

தம்பி இலைதியா போனில் சொன்னான்: "அப்பா தலை சிக்குப் பிடிச்சுப் போச்சுக்கா. அவரால கழுவிக்க முடியல. எங்க யாருக்கும் தொடத் துணிச்சல் இல்ல." அவனைத் திட்டாதீர்கள். உங்கள் வாயால் அனுமதி கொடுங்கள், அவன் கழுவிவிடட்டும். நான் வைத்துவிட்டு வந்த தேங்காயெண்ணெய் அலமாரியில் இருக்கும். வாசம் போவதற்குள் எனக்கும் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள்.

டெஸ் வீட்டுக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. டெஸ்ஸின் தலையில் எந்தப் பக்கம் தழும்பு இருக்கிறது என்பதுகூட என் விரலுக்குத் தெரியும். உங்கள் முடி மெத்தென்று இருக்குமா, முரடாக இருக்குமா என்று எனக்குத் தெரியாது, அப்பா.

உங்கள் மகள்
அசனதா